2024இல் உங்கள் வீட்டில் நின்ற படம் எது?

கரும்புக்காட்டான் (சாட்ஸ்வர்த்) · 27 டிசம்பர், இரவு 9.40

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் எல்லோருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் முடிந்து துறைமுகம் பாதி தூங்குகிறது, எனக்கும் ஒரு வாரம் லீவு. டர்பன் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு கூடை லிச்சி, ஒரு ஃபேன், நான், 88 வயது ஆயா (என் பாட்டி). வருடக் கணக்கைத் திறக்க இதைவிட நல்ல நேரம் வராது.

சிறந்த பத்துப் பட்டியல் வேண்டாம். அதைச் சென்னையில் இருப்பவர்கள் போட்டு முடித்துவிட்டார்கள். நான் கேட்பது வேறு. படம் முடிந்து டிவியை அணைத்த பிறகும் உங்கள் வீட்டில் எந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை? யாராவது கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போயிருந்தாலும் சரி, அதுவும் கணக்கில் சேரும்.

இந்த வருடம் ஒரு புண்ணியம் நடந்தது. மார்ச் கடைசியிலிருந்து மின்வெட்டு இல்லை. 2023இல் வில்லன் செத்தானா பிழைத்தானா என்று தெரியாமலே நான் படுத்துத் தூங்கிய படங்கள் நாலைந்து இருக்கும்.

என் ஓட்டு 'மெய்யழக'னுக்கு. புரட்டாசியில் வந்தது, வீட்டில் கறி மீன் எதுவும் இல்லாத மாதம். பிறகு நெட்ஃபிளிக்ஸில் வந்தபோதுதான் ஆயாவோடு உட்கார்ந்து பார்த்தேன். சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன ஒருவர் (அரவிந்த்சாமி) 22 வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒருவன் (கார்த்தி) 'அத்தான், அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிறான். சாப்பாடு, படுக்கை, பேச்சு, எல்லாம் அவன் பார்த்துக்கொள்கிறான். இவருக்கு அவன் பெயர் நினைவுக்கு வரவில்லை. கேட்கவும் முடியவில்லை. கதை அவ்வளவுதான்.

எனக்கு இது 2018இல் நடந்தது. ஆயாவின் தாத்தா கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலில் வந்த பதிவின் நகலை எடுத்துக்கொண்டு வேலூர்ப் பக்கம் போனேன். பதிவு எண், பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் அந்த ஒரே வரியில் இருந்தது. ஊரில் திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் தாளை வாங்கிப் பார்த்தார். 'நம்ம பங்காளி' என்றார். அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது. அன்று இரவு கோழி அடித்தார்கள். என் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஒரு பையன் விடிய விடிய 'மாமா, மாமா' என்று கூடவே இருந்தான், காலையில் பஸ் ஏற்றிவிட்டதும் அவன்தான். அவன் பெயரை நான் கேட்கவே இல்லை. இரவு முழுக்க மாமா என்று கூப்பிட்டவனிடம் காலையில் எந்த முகத்தோடு 'உன் பெயர் என்ன' என்று கேட்பது?

அதனால் அரவிந்த்சாமி சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போகிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆயா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது: "இன்னாடா, பேரு தெரியாட்டி போவுது, சோறு துன்னியா இல்லியா?"

சரி, உங்கள் கணக்கைச் சொல்லுங்கள்.

—

நெல்லைக்காரன் (மிட்ராண்ட்) · 27 டிசம்பர், இரவு 10.15

அண்ணா, கோபிக்காதீர்கள், உங்கள் கதை படத்தைவிட நன்றாக இருக்கிறது. படம் வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். வந்த பிறகு 18 நிமிடத்தை வெட்டினார்கள். நான் பார்த்தது வெட்டிய பிறகு. அந்த ராத்திரிப் பேச்சில் இன்னொரு 18 நிமிடத்தைத் தாராளமாக எடுத்திருக்கலாம். கார்த்தி பேசுவது நம் ஊர்ப் பெரியப்பா பந்தியில் பிடித்துவைத்துப் பேசுகிற மாதிரி. பாசம்தான், ஆனால் இலை காய்ந்துவிடும்.

என் ஓட்டு 'லப்பர் பந்து'. நாளைக்கு 28ஆம் தேதி, விஜயகாந்த் போய் ஒரு வருடம். படத்தில் தினேஷ் மட்டையோடு இறங்கும்போது 'நீ பொட்டு வச்ச' பாட்டு வருகிறதே, அந்த இடத்தில் இங்கே எங்கள் அபார்ட்மெண்டில் ஆறு பேர் எழுந்து ஆடினோம், கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவர் ஆஃப்ரிக்கான்ஸ் பேசுகிறவர். என்ன விளையாட்டு என்று கேட்டார், கிரிக்கெட் என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

மருமகனாக வரப்போகிறவனும் மாமனாரும் ஒரு ரப்பர் பந்துக்காக முறைத்துக்கொள்வதைவைத்து இரண்டரை மணி நேரம் ஓட்டியிருக்கிறார்கள். சுவாசிகா டிராக்டரைக் கொண்டுவந்து மைதானத்தையே உழுது போட்டுவிடுகிறார் பாருங்கள், என் மனைவி கை தட்டினார். எனக்கு அது கொஞ்சம் உறைத்தது, நான் சனிக்கிழமைதோறும் ஆடப் போகிறவன்.

—

டொங்காட் வாத்தியார் · 28 டிசம்பர், காலை 5.50

காலை வணக்கம். நெல்லைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அதை மாமனார் மருமகன் சண்டையாகப் பார்த்தீர்கள். நான் வேறு ஒன்றைப் பார்த்தேன். நன்றாக ஆடுகிற அந்தப் பையன் அன்புவை ஊர் அணியில் சேர்க்க மாட்டேன் என்கிறார்களே, எதற்காக? பந்து சரியாக விழாததாலா? அவன் பிறந்த தெருவுக்காக.

எனக்கு 75 வயது. இளவயதில் டர்பன் கர்ரீஸ் ஃபவுன்டன் மைதானத்தில் ஆடியவர்களில் நானும் ஒருவன். எங்களில் சிலர் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் நாட்டின் பெயரைப் போட்டுக்கொண்டு ஆடிய அணி வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். கேப்டவுனில் பிறந்த பாசில் டி ஒலிவேரா இங்கிலாந்துக்குப் போய் அங்கே ஆட வேண்டியிருந்தது. 1968இல் அவரை இங்கிலாந்து அணியில் எடுத்தார்கள் என்பதற்காகவே இங்கிருந்த வெள்ளை அரசாங்கம் அந்த அணியின் பயணத்தை நடக்கவிடவில்லை. 1991இல் இந்தியாவுக்குப் போய் ஆடும்வரை நாடு வெளியேதான் நின்றது. அதற்குள் என் முழங்கால் போய்விட்டது.

அதனால் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கிற அந்தப் பையனின் முகம் எனக்குப் புதிதில்லை. ஒரே வித்தியாசம், எங்களை ஒதுக்கியது சட்டம். அவனை ஒதுக்குவது கூடப் படித்தவன், கூடச் சாப்பிடுகிறவன்.

என் வீட்டில் பேச்சு ஓயாத படம் 'மகாராஜா'. ஜூன் 3ஆம் தேதி டொங்காட்டைச் சுழற்காற்று அடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டுக் கூரையில் பாதி போய்விட்டது. ஜூலையில் வெருலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது படம் போட்டார்கள். தொடக்கத்தில் லாரி வீட்டுக்குள் புகுந்து எல்லாம் இடிந்து விழ, ஓர் இரும்புக் குப்பைத்தொட்டி குழந்தையை மூடிக் காப்பாற்றுகிறது. பிறகு விஜய் சேதுபதி அந்தத் தொட்டிக்கு லட்சுமி என்று பெயர் வைத்துக் கும்பிடுகிறார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரியும் நானும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் காற்று விட்டுவைத்தது ஒரு பழைய தையல் மெஷினை. இன்றும் அவள் காலையில் அதற்கு ஒரு பூ வைக்கிறாள்.

கதையை முன்னும் பின்னும் வெட்டிச் சொன்ன சாமர்த்தியத்தைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. பெண் பிள்ளைக்கு நடந்த கொடுமையைக் கடைசித் திருப்பத்துக்காக ஒளித்துவைத்து எடுப்பது மனசுக்குப் பிடிக்கவில்லை. அந்த விஷயத்தில் என் மகளும் நானும் இன்னும் சண்டைதான்.

—

மல்லி (ஃபீனிக்ஸ்) · 28 டிசம்பர், காலை 8.20

நைட் ட்யூட்டி முடித்து இப்போதுதான் வந்தேன். வாத்தியார் ஐயாவின் மகள் பக்கம்தான் என் ஓட்டு. அந்தப் பெண் பிள்ளை கடைசியில் எதிரே வந்து நின்று பேசுகிறாள், அது போதும் எனக்கு.

ஆனால் என் படம் 'கொட்டுக்காளி'. என் அம்மா பாதியில் எழுந்து போனார், எனவே காட்டானின் விதிப்படி செல்லும்.

பார்க்காதவர்களுக்கு: பின்னணி இசை கிடையாது. ஒரு குடும்பம் ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலுமாக ஒரு சாமியாடியிடம் போகிறது. ஆட்டோவுக்குள் ஒரு பெண், அன்னா பென். வேறு ஜாதிப் பையனைக் காதலித்தாள், அதைப் பேய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டிய முறை மாமன் சூரி, தொண்டை கட்டிப்போய்க் கரகரவென்று கத்திக்கொண்டு வருகிறார். கூடவே ஒரு சேவல், காலைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அவள் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது என் பெரியம்மா மகளை இப்படித்தான் கூட்டிப்போனோம். ஆட்டோ இல்லை, மூன்று கார். நார்த் கோஸ்ட்டில் ஒரு வீட்டுக் கோயில். அக்கா ஒரு முஸ்லிம் பையனோடு பேசிக்கொண்டிருந்தார், அதுதான் நோய். நான் பின் சீட்டில் அவர் பக்கத்தில். எனக்கு அது பிக்னிக். வழியில் நிறுத்தி எல்லோரும் பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது) வாங்கிச் சாப்பிட்டோம், மாமாக்கள் ரக்பி பேசினார்கள், யாரோ ஜோக் சொன்னார்கள். அக்காவும் ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டார். இதுதான் என்னால் மறக்க முடியாதது. படத்திலும் அப்படித்தான், யாரும் ராட்சசன் மாதிரி இல்லை. சிறுநீர் கழிக்க நிறுத்துகிறார்கள், வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது, அத்தனை ஆண்களும் விழிக்கிறார்கள், ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள்.

அம்மா எழுந்து போனது அந்தக் காளைக்குப் பிறகு. சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது. கழுவுவதற்குப் பாத்திரமே இல்லை.

—

மாரிட்ஸ்பர்க் தம்பி · 28 டிசம்பர், காலை 11.05

அக்கா, நான் சப்டைட்டில் இல்லாமல் முழுசாகப் புரிந்துகொண்ட முதல் தமிழ்ப் படம் 'கொட்டுக்காளி'தான்! பேச்சு குறைவு. மூன்று வருடமாகத் தமிழ் வகுப்புக்குப் போன பலன்.

—

மல்லி (ஃபீனிக்ஸ்) · 28 டிசம்பர், காலை 11.12

தம்பி, சூரி அந்த ஆட்டோவை நிறுத்தி எல்லோரையும் அடிக்கிற இடத்தில் என்னென்ன திட்டினார் என்று புரிந்ததா?

—

மாரிட்ஸ்பர்க் தம்பி · 28 டிசம்பர், காலை 11.15

கோபமாக இருக்கிறார் என்று புரிந்தது.

—

மல்லி (ஃபீனிக்ஸ்) · 28 டிசம்பர், காலை 11.16

அப்படியே இருக்கட்டும். வகுப்பில் கேட்டுவிடாதே.

—

நெல்லைக்காரன் (மிட்ராண்ட்) · 28 டிசம்பர், பகல் 12.30

😂 தம்பி, நீ பார்த்ததுதான் சரியான முறை.

சப்டைட்டில் பேச்சு வந்ததால் என் பழைய வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். அத்தை, மாமி, சித்தி, பெரியம்மா எல்லோரும் கீழே எழுத்தில் 'ஆன்டி'. அத்தைக்கும் சித்திக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு தமிழ்ப் படத்தில் யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று எப்படிப் புரியும்? 'கொட்டுக்காளி'யில் முறை மாமன் என்பதுதானே முழுக் கதையும்?

—

கரும்புக்காட்டான் (சாட்ஸ்வர்த்) · 28 டிசம்பர், பகல் 12.50

சாட்ஸ்வர்த்துக்கு வந்து பாருங்கள். இங்கே தெருவில் போகிற எல்லோரும் ஆன்டிதான், சப்டைட்டில் தேவையில்லை.

—

காவேரி (கேப்டவுன்) · 28 டிசம்பர், மாலை 6.30

தஞ்சாவூர்க்காரி என்ற உரிமையில் காட்டான் அண்ணாவோடு கொஞ்சம் மல்லுக்கட்டப் போகிறேன். 'மெய்யழகன்' எனக்கும் பிடிக்கும். அந்தப் பேச்சு, அந்த ஆற்றங்கரை, எங்கள் வீட்டு வாசனையே அடித்தது. அம்மாவிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினேன்.

மறுநாள் காலையில் ஒரு கேள்வி வந்தது. கார்த்தி யாரை 'அத்தான்' என்று கூப்பிட முடியும்? ஊரில் எல்லோரையுமா? அந்தக் கல்யாணப் பந்தியில் யார் உட்காருவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பதைப் படம் கேட்பதில்லை. சொந்தம் என்பது ரொம்ப இனிப்பான சொல், அதற்கு ஒரு வேலியும் உண்டு. வாத்தியார் ஐயா 'லப்பர் பந்'தில் பார்த்த அந்த எல்லைக்கோடு 'மெய்யழக'னிலும் இருக்கிறது, வெளியே நிற்பவனைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். வேலூரில் அந்தப் பெரியவர் உங்களைப் பங்காளி என்று சொன்னது தாளில் எந்தப் பத்தியைப் பார்த்து?

என் ஓட்டு 'வாழை'க்கு. மாரி செல்வராஜ் தன் சின்ன வயசையே எடுத்திருக்கிறார். தார் சுமக்கிற பையன், லீவு நாளிலும் விட மாட்டார்கள். தாருக்கு ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் கேட்கிறார்கள், வியாபாரி சரி என்கிறான். ஆனால் கூலியைக் கூட்டிக் கொடுத்த கணக்கை வேறு எங்கே கழிக்கிறான் பாருங்கள். ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, வாழைத்தார் ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து போ என்கிறான். அந்த ஒரு ரூபாய்தான் லாரியைக் கவிழ்க்கிறது. படத்தில் யாரும் இதை வசனமாகச் சொல்வதில்லை.

கடைசியில் பசியோடு ஓடிவந்த பையன் சோற்றை அள்ளி வாயில் போடுகிற காட்சியை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். இரண்டாவது தடவை அந்த இடம் வரும்போது தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

—

கரும்புக்காட்டான் (சாட்ஸ்வர்த்) · 28 டிசம்பர், இரவு 11.20

காவேரி, பதில் எழுத ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. எழுதி எழுதி அழித்தேன்.

அவர் விரல் வைத்துப் படித்தார். பெயரில் நிற்கவில்லை, அப்பா பெயரிலும் நிற்கவில்லை. ஜாதி என்ற பத்தியில் விரல் நின்றது. பிறகு தலையைத் தூக்கிப் பார்த்து 'நம்ம பங்காளி' என்றார். கவனிக்கவில்லை என்று முதலில் எழுதினேன், அது பொய். கவனித்தேன். கோழிக் குழம்பு வந்தது, மறந்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. டர்பனிலிருந்து என்னோடு ஒரு நண்பன் வந்திருந்தான். அவன் தாளும் அதே ஜில்லாதான், பக்கத்து ஊர். அவன் பத்தியில் வேறு பெயர். அவன் ஊரில் எங்களைத் திண்ணையில் உட்கார வைக்கவில்லை, தெருவின் பெயரைச் சொன்னதும் ஒருவர் தூரத்தில் கையைக் காட்டி 'அங்கிட்டுப் போய்க் கேளுங்க' என்றார். அங்கே போனோம். அந்தத் தெருவிலும் சோறு போட்டார்கள், நன்றாகவே போட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே நாங்கள் ஒரே பள்ளி, ஒரே கோயில், ஒரே காவடி.

ஓட்டை மாற்றவில்லை. ஆனால் படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

—

டொங்காட் வாத்தியார் · 29 டிசம்பர், காலை 6.05

காட்டான், எழுதியது நல்லது.

இந்தப் பேச்சில் 'தங்கலா'னைச் சேர்க்காமல் இருக்க முடியாது. கதை 1850 வாக்கில், வட ஆற்காட்டில் நடக்கிறது. நிலத்தைப் பண்ணையாரிடம் இழந்தவர்கள் வெள்ளைக்காரன் பின்னால் தங்கம் தோண்டக் கோலாருக்குப் போகிறார்கள். பத்து வருடம் தள்ளிப் பாருங்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பனுக்கு வந்து சேர்கிறது. 1911 வரை ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேருக்கு மேல் நேட்டாலுக்கு வந்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு சென்னையிலிருந்து. அதில் வட ஆற்காட்டு ஊர்கள் எத்தனை! அவர்கள் கோலாருக்கு, இவர்கள் கரும்புக்கு. முதல் வருடக் கூலி மாதம் பத்து ஷில்லிங். நாம் 'தங்கலா'னின் பங்காளிகள், எந்தப் பத்தியையும் பார்க்காமலே சொல்லலாம்.

—

நெல்லைக்காரன் (மிட்ராண்ட்) · 29 டிசம்பர், காலை 9.40

ஐயா, சரித்திரம் சரி. படம்? இரண்டாவது பாதியில் யார் நிஜம், யார் கனவு, ஆரத்தி எங்கே வருகிறாள், எங்கே மறைகிறாள் என்று நான் பாப்கார்ன் பாக்கெட்டின் பின்னால் படம் வரைந்து பார்த்தேன். விக்ரம் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் நல்ல விஷயத்தைச் சொல்கிறது என்பதற்காக நல்ல படம் ஆகிவிடாது.

—

மல்லி (ஃபீனிக்ஸ்) · 29 டிசம்பர், மாலை 4.10

இரண்டாம் பாதி குழப்பம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பெண்கள் முதல் தடவையாக ரவிக்கை போட்டுக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிக்கிற அந்தக் காட்சி ஒன்று போதும். பார்வதியின் முகத்தைப் பாருங்கள். டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை போட்டேன். முழுப் படமும் நினைவில் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

—

மாரிட்ஸ்பர்க் தம்பி · 29 டிசம்பர், மாலை 5.00

மலையாளப் படம் சேருமா? என் நண்பர்கள் எல்லோருக்கும் பிடித்தது 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. கொடைக்கானல் குணா குகையில் ஒருவன் விழுந்துவிடுகிறான், நண்பன் இறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டு வருகிறான். 2006இல் உண்மையாகவே நடந்தது. அவனை மேலே கொண்டுவரும்போது 'கண்மணி அன்போடு' வருகிறது. அந்தப் பாட்டு 1991ஆம் வருடத்துப் படத்தில் வந்தது என்று எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். அப்பாவிடம் சொன்னேன். அவர் பழைய கேசட் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி, "இதைத்தானே நான் காரில் போடும்போதெல்லாம் மாற்றச் சொல்வாய்?" என்றார்.

—

காவேரி (கேப்டவுன்) · 29 டிசம்பர், மாலை 5.20

சேரும் தம்பி. பாட்டு நம்முடையது, குகையும் நம்முடையது, விழுந்தவன் மட்டும்தான் மலையாளி.

—

நெல்லைக்காரன் (மிட்ராண்ட்) · 29 டிசம்பர், இரவு 8.45

யாருமே 'அமரன்' பேரைச் சொல்லவில்லையே? தீபாவளிக்கு வந்ததிலேயே அதுதான் பெரிய படம். தியேட்டருக்குப் போய்ப் பார்த்தேன். தியேட்டர் பேர் வேண்டாம். ஏ.சி. வேலை செய்யவில்லை, ஒரே ஒரு காட்சி, அதுவும் இரவு பத்தரை. வியர்வையா கண்ணீரா என்று தெரியாமல் எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தோம். மேஜர் முகுந்த் கதை தெரிந்ததுதான், முடிவும் தெரியும். அப்படியிருந்தும் சாய் பல்லவி அந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறபோது யாரும் இருமக்கூட இல்லை.

ஏமாற்றம் என்றால் 'இந்தியன் 2'. 1996இல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து முதல் பாகம் பார்த்தவன் நான். அதற்கு மேல் பேச விரும்பவில்லை.

—

டொங்காட் வாத்தியார் · 30 டிசம்பர், காலை 5.45

ஒரு படத்தை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். 'ஜமா'. ஆகஸ்டில் வந்தது. பாரி இளவழகன் எழுதி, இயக்கி, அவரே நடித்தது, இசை இளையராஜா. திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்துக் குழு. கல்யாணம் என்று ஒருவன், எப்போதும் பெண் வேஷம்தான். நடை, பேச்சு எல்லாம் அப்படியே ஆகிப்போய்ப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. அவனுக்கு அர்ச்சுனன் வேஷம் கட்ட வேண்டும் என்று ஆசை. அந்த ஜமாவே அவன் அப்பா உண்டாக்கியது, இன்னொருவர் கைக்குப் போய்விட்டது.

இளைஞர்களுக்குச் சொல்கிறேன். நேட்டாலில் நம் ஆட்கள் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொன்னார்களே, அது வேறு ஒன்றும் இல்லை, தெருக்கூத்துதான். கரும்புத் தோட்டங்களில், திரௌபதி அம்மன் தீமிதி சமயங்களில், விடிய விடிய ஆடுவார்கள். நான் ஐந்து வயதில் சாக்குப் பையை விரித்துப் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். துச்சாதனன் வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். பிறகு கிரே ஸ்ட்ரீட்டில் ஷா ஜஹான் தியேட்டர் வந்தது, சிவாஜி கட்டபொம்மனாக வந்தார், அப்புறம் 1976இல் டிவி, அதற்கடுத்து வீடியோ கேசட். கூத்துக்காரர்கள் ஒவ்வொருவராகச் சலங்கையை அவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

காட்டான், உன் ஆயாவுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டு.

—

கரும்புக்காட்டான் (சாட்ஸ்வர்த்) · 31 டிசம்பர், இரவு 7.30

காட்டினேன் ஐயா. நேற்றுச் சாயங்காலம் ஆரம்பித்தோம், முடிக்க இன்று மதியம் ஆகிவிட்டது. காரணம் ஆயா. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'நிறுத்து' என்று சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கிவிடும்.

எனக்கு இது தெரியாது. 38 வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், யாரும் சொன்னதில்லை. ஆயாவின் அப்பா மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்டத்தில் கரும்பு வெட்டியவர் என்று மட்டும்தான் தெரியும். அவர் திரௌபதி வேஷம் கட்டியவராம். பகலில் கத்தி, ராத்திரியில் சேலை. ஆயா சொன்னது அப்படியே: "எங்கப்பா கூத்துக்கு மீசையை எடுத்துட்டு வந்தாருன்னா எங்கம்மா ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசாது. மறுபடி மொளைச்ச பொறவுதான் ஒழுங்காச் சோறு போடும்."

கல்யாணத்துக்குப் பெண் கிடைக்காத காட்சிகளில் நான் சிரித்தேன். ஆயா சிரிக்கவில்லை. தோட்டத்தில் அவரையும் ஆட்கள் பெண் பேர் வைத்துக் கூப்பிட்டுக் கேலி செய்வார்களாம். வெள்ளைக்கார ஓவர்சியர்கூட. ஒரு நாள் ஆயாவே, சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டதாம். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். இதைச் சொல்லிவிட்டு ஆயா கொஞ்ச நேரம் லிச்சி உரித்துக்கொண்டிருந்தது. சாப்பிடவில்லை, உரித்து உரித்துத் தட்டில் வைத்தது.

குறைகளும் சொன்னது. சலங்கைச் சத்தம் போதாது. முகத்துக்கு அரிதாரம் இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும், தீவட்டி வெளிச்சத்தில் அப்போதுதான் தெரியும். துகில் உரிகிற கட்டத்தில் அவர் அப்பா பாடிய பாட்டில் இரண்டு வரி நினைவிருக்கிறது என்று பாடிக் காட்டியது. குரல் உடைந்துவிட்டது, தாளம் விடவில்லை, தொடையில் தட்டிக்கொண்டே பாடியது. போனில் பிடித்து வைத்திருக்கிறேன். வாத்தியார் ஐயா, சொற்கள் பாதி எனக்குப் புரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை டொங்காட் வருகிறேன், கேட்டு எழுதிக் கொடுக்க முடியுமா?

—

டொங்காட் வாத்தியார் · 31 டிசம்பர், இரவு 7.48

வா. ஆயாவையும் கூட்டி வா. கூரை போட்டாயிற்று.

—

மல்லி (ஃபீனிக்ஸ்) · 31 டிசம்பர், இரவு 8.15

நானும் வருகிறேன் ஐயா, ஞாயிறு எனக்கு லீவு. அம்மாவையும் கேட்கிறேன். வருவார் என்று நினைக்கிறேன்.

—

நெல்லைக்காரன் (மிட்ராண்ட்) · 31 டிசம்பர், இரவு 8.20

அண்ணா, அப்படியானால் ஆயாவின் ஓட்டு 'ஜமா'வுக்கா? எழுதிக்கொள்ளட்டுமா?

—

கரும்புக்காட்டான் (சாட்ஸ்வர்த்) · 31 டிசம்பர், இரவு 8.31

கேட்டேன். ஓட்டு எம்.ஜி.ஆருக்காம். இந்த வருடம் அவர் படம் எதுவும் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அது உங்க தப்பு" என்கிறது.

—